கல்லே கல்லைத் தோண்டிய குளங்கள்: தெரியுமா உங்களுக்கு?

பெரியகுளத்திலிருந்து 8 கிலோமீட்டர்தான். கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் கும்பக்கரை அருவி. அங்கே ஒரு யானை உண்டு, ஒரு பாம்பு உண்டு, ஓர் அண்டாவும் ஓர் உரலும் உண்டு. நாலுமே பள்ளம்! பாம்பாறு பாறைமேல் விழுந்து, தேங்கி, மறுபடி விழுந்து போகிற வழியில் குடைந்து வைத்திருக்கும் ஆழக் குழிகளை அந்தப் பக்கத்தில் கஜம் என்பார்கள். யானை கஜம், பாம்பு கஜம், அண்டா கஜம், உரல் கஜம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். நம்மில் பலர் அருவியில் தலையைக் காட்டிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட பஜ்ஜிக் கடைக்கு நடையைக் கட்டிவிடுகிறோம். காலுக்குக் கீழே இருக்கிற அதிசயத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சரி, இந்தக் குளங்களை வெட்டியது யார் தெரியுமா? தண்ணீர் என்று சொல்லியிருந்தால் பாதி மதிப்பெண்தான்! வெறும் தண்ணீர் இந்தப் பாறையை லேசில் கீறாது. வெட்டியது கல்! வெள்ளக் காலத்தில் ஆறு மேலேயிருந்து மணலையும் கூழாங்கல்லையும் அள்ளிக்கொண்டு வருகிறது. பாறையில் ஒரு சின்ன வெடிப்போ பள்ளமோ இருந்தால் தண்ணீர் அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். கூடவே வந்த கல்லும் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். வெளியே போக வழியில்லை, நிற்கவும் சுழல் விடாது. சுற்ற வேண்டியதுதான். சுற்றச் சுற்றப் பள்ளம் தேயும், கல்லும் தேயும். கல் தேய்ந்து மணலாகிக் கரைந்து போனால் அடுத்த மழைக்கு வேறு கல் வேலைக்கு வந்துவிடும். மலை கொடுக்கிற கல்லுக்குப் பஞ்சமா என்ன? உரலில் குழவி சுற்றுகிற அதே கதைதான். உரல் கஜத்துக்குப் பேர் வைத்தவர் யாரோ, நிலவியல் பாடத்தையே ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. குழிக்குள் பெரிய உருண்டைக் கல் ஒன்று உட்கார்ந்திருந்தால் 'இதுதான் தோண்டியது' என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் வேகமான சுழலில் மிதந்து சுற்றும் மணலுக்கும் சிறுகல்லுக்கும் இந்த வேலையில் பெரும்பங்கு உண்டு. பெரிய கல் பல நேரம் சும்மா உட்கார்ந்து பேர் வாங்கிக்கொள்கிறது. எந்த அலுவலகத்தில்தான் இது இல்லை?

தண்ணீர் குறைந்திருக்கும் நாளில் போனால், பெரிய கஜத்தைவிட அதன் ஓரத்துப் பாறையை முதலில் பாருங்கள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு குழி தென்படும். விரலை விட்டுத் தடவினால் உட்சுவர் வழவழவென்று, வாய்ப்பக்கத்தைவிட உள்ளே கொஞ்சம் அகன்று இருக்கும். அடியில் ஒரு சிட்டிகை கருமணல், ஓரிரண்டு உருண்டைக் கூழாங்கல். ஒன்றை எடுத்துத் திருப்பினால் எந்தப் பக்கமும் முனை இருக்காது. பக்கத்திலேயே இரண்டு குழிகள் வளர்ந்து வளர்ந்து நடுச்சுவர் உடைந்து ஒன்றாகியிருக்கும். இன்னும் தள்ளி நாலைந்து சேர்ந்து ஒரு வாய்க்காலாகவே ஆகியிருக்கும். யானை கஜத்தின் பிள்ளைப் பருவம் முழுக்க ஒரே பாறையில்! கூழாங்கல்லைத் திரும்ப அங்கேயே போட்டுவிடுங்கள், அதற்கு வேலை பாக்கி இருக்கிறது.

பாறை என்ன லேசுப்பட்டதா? பழனி மலைத்தொடரின் பெரும்பகுதி சார்னக்கைட் என்ற கரும்பாறை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது, வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்தப் பாறையை உலகம் அடையாளம் கண்டது எங்கே தெரியுமா? ஒரு கல்லறையில்! 1693-ல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறை கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேல்கல்லை ஆராய்ந்து 1893-ல் கட்டுரை எழுதினார் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர். சார்னக்கின் பேரையே பாறைக்கும் வைத்துவிட்டார். அந்தக் கல் போனது எங்கேயிருந்து? நம் பல்லாவரத்திலிருந்து! சென்னை மின்சார ரயிலில் தினம் தாண்டிப் போகிறோமே, அதே பல்லாவரம்.

இது நம் ஊர் மலையின் தனிச்சொத்தும் இல்லை. மகாராஷ்டிரத்தில் நிகோஜ் என்ற ஊரில் குக்கடி ஆறு எரிமலைக் கருங்கல்லைக் குடைந்து, ஆற்றுப் படுகை முழுவதையும் குழிமயமாக்கி வைத்திருக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் ட்ரூர் ஆறும் பிளைட் ஆறும் கூடுமிடத்தில் போர்க்ஸ் லக் குழிகள். அங்கே பக்கத்தில் தங்கம் இருக்கிறது என்று சொன்ன போர்க் என்ற ஆளுக்குத் தங்கம் கிடைக்கவில்லை, குழிகளுக்கு அவர் பேர் மட்டும் நிலைத்துவிட்டது. ஸ்பெயினில் ஹெர்த்தே பள்ளத்தாக்கில் லோஸ் பிலோனெஸ் என்று கருங்கல் தொட்டிகள் வரிசையாக, ஒன்றிலிருந்து வழிந்து அடுத்ததில் விழுகின்றன. கோடையில் ஊரே துண்டோடு அங்கே கிளம்பிவிடும். சுவிட்சர்லாந்தின் வெர்சாஸ்கா ஆற்றில் மரகதப் பச்சைத் தண்ணீர், பாறை வரிவரியாக. 1995-ல் வந்த 'கோல்டன் ஐ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓர் அணையிலிருந்து தலைகீழாகக் குதிப்பாரே, 220 மீட்டர் உயர அந்த அணை இதே ஆற்றின் குறுக்கேதான்!

குவாத்தமாலாவில் செமுக் சாம்பே தெரியுமா? சுமார் 300 மீட்டர் நீளச் சுண்ணாம்புக்கல் பாலம். ஆறு பாலத்துக்கு அடியில் குகைக்குள் பாய்கிறது, பாலத்தின் மேலே படிப்படியாகப் பச்சைக் குளங்கள். மேலே ஆட்கள் நீந்துகிறார்கள், கீழே ஒரு முழு ஆறு! விக்டோரியா அருவியின் விளிம்பிலேயே ஒரு குளம் இருக்கிறது. சாம்பேசி ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்கும் மாதங்களில் மட்டும், வழிகாட்டியோடு போய் அதில் இறங்குகிறார்கள். விளிம்பில் உள்ள பாறைச் சுவர்தான் ஆளை அந்தப் பக்கம் விடாமல் நிறுத்துகிறது. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் கதை ஸ்விஸ் நகரமான லூசெர்னில். 1872-ல் அங்கே ஒருவர் ஒயின் பாட்டில்களை வைக்க நிலவறை தோண்டினார். தோண்டத் தோண்டப் பாறையில் வட்ட வட்டக் குழிகள்! அத்தனையும் பனியுகத்தில் பனியாற்றுக்கு அடியில் உருகி ஓடிய தண்ணீர் குடைந்தவை. பெரிய குழியின் ஆழம் 9.5 மீட்டர், அகலம் 8 மீட்டர். ஒயின் நிலவறைத் திட்டம் அம்போ. நுழைவுச் சீட்டு போட்டு அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது கும்பக்கரைக்கே திரும்புவோம், தண்ணீரில் காலை வைப்போம். வழுக்குகிறதா? எதில் வழுக்கினீர்கள் தெரியுமா? கண்ணாடியில்! பாறைமேல் பழுப்பாகப் படிந்திருக்கும் அந்தக் கொழகொழப்பில் டயட்டம் என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிலிக்காவால் ஆன ஓடு, கண்ணாடிக்கும் அடிப்படையான அதே பொருள். ஓட்டைச் சுற்றிப் பசை வேறு. பூமியில் தாவரங்களும் பாசிகளும் வெளிவிடும் ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, கடலிலும் ஆற்றிலும் வாழும் இந்த டயட்டங்கள் தருவது. அடுத்த முறை வழுக்கி உட்கார்ந்தால் திட்டாதீர்கள், மூச்சுக்குக் காற்று கொடுக்கிற புண்ணியவான்கள்.

அந்தப் பாசியை மேய்வதற்கென்றே ஒரு மீன் கூட்டம் இருக்கிறது. வாய் கீழ்ப்பக்கமாக அமைந்து, பாறையில் ஒட்டிக்கொண்டு, ஓடும் தண்ணீருக்கு அசையாமல் நிற்கும் சின்ன மீன்கள். காலை அசைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் வந்து கடிக்கும், கூச்சம் தாங்காது. நகரத்து மால்களில் கண்ணாடித் தொட்டிக்குள் காலை விட்டு மீனிடம் கடி வாங்கக் காசு கட்டுகிறார்களே, அந்தத் துருக்கி மீனும் நம் மலையோடை மீனும் 'கர்ரா' என்ற ஒரே பேரினம். இங்கே இலவசம்!

மழைக்காலத்தில் ஆள் நிற்க முடியாத வேகத்தில் தண்ணீர் பாயும் பாறையில் ஒரு தலைப்பிரட்டை நிம்மதியாக ஒட்டியிருக்கும் என்றால் நம்புவீர்களா? ஊதாத் தவளையின் குஞ்சு அது. வாயையே உறிஞ்சு கிண்ணம் ஆக்கிக்கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைப் பாறைகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தலைப்பிரட்டையை 1918-லேயே விவரித்துவிட்டார்கள். இது யார் வீட்டுப் பிள்ளை? பல பத்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது! பெற்றோர் ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கரையான் தின்று வாழ்ந்து, முட்டையிட மட்டும் சில நாள் வெளியே தலைகாட்டுகிற ஆசாமிகள். எஸ்.டி.பிஜுவும் பிராங்கி போசுயிட்டும் 2003-ல் விவரித்த அந்தத் தவளைக்கு நெருங்கிய உறவு எங்கே இருக்கிறது தெரியுமா? கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம். மலையின் கிழக்குச் சரிவில், நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இதன் இன்னோர் இனம் 2017-ல் பதிவானது. ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பேரைத் தாங்கி நிற்கிறது.

தண்ணீர் வற்றும் போது பாறைமேல் காய்ந்த பாசி போல ஒட்டிக் கிடக்கிறதே, அதையும் கிள்ளிப் போடாதீர்கள். அதில் சில உண்மையில் பூக்கும் செடிகள்! வேர், தண்டு, இலை என்று பிரித்துச் சொல்ல முடியாத உடம்பு. வெள்ளக் காலம் முழுக்கத் தண்ணீருக்கடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு வளரும், தண்ணீர் இறங்கியதும் அவசர அவசரமாகப் பூத்து விதை போட்டுவிட்டுச் செத்துப்போகும். விலாங்கு இதற்கு நேரெதிர், அவசரமே கிடையாது. பிறப்பது நடுக்கடலில், வளர்வது ஆற்றில். குஞ்சாக இருக்கும் போது ஈரப் பாறையில் ஊர்ந்தே ஏறி மலையோடை வரை வந்துவிடும். கஜங்களின் இடுக்கில் பல வருஷம் ஒளிந்து வாழ்ந்து, கடைசியில் முட்டையிட மறுபடியும் கடல். அணைகள் குறுக்கே வந்தபின் இந்தப் பயணம் பல ஆறுகளில் நின்றே போய்விட்டது.

இவ்வளவு உயிர் ஒட்டியிருக்கிற தண்ணீரில் நாம் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துப் போடுகிறோம். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றுக்கும் தடை இருக்கிறது. அருவியில் குளித்தாலே போதும் ஐயா, அதற்கு மேல் என்ன நுரை?

நுரை என்றதும் ஒன்று. அருவி விழும் இடத்தில் வெள்ளை வெளேரென்று பொங்கி நிற்கும் தண்ணீரில் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரரும் மூழ்குவார், தெரியுமா? அந்த வெண்மை முழுக்கக் காற்றுக் குமிழி. காற்று கலந்த தண்ணீருக்கு அடர்த்தி குறைவு, ஆளைத் தூக்கி நிறுத்த அதற்குத் தெம்பு போதாது. கையை வீசினாலும் தள்ளுவதற்குப் பிடிப்பு இருக்காது. தெளிந்த தண்ணீர் மட்டும் யோக்கியமா? ஒளி தண்ணீரில் வளைந்து வருவதால் மேலிருந்து பார்க்கும் போது ஆழம் முக்கால்தான் தெரியும். 12 அடி, 9 அடியாகக் கண்ணை ஏமாற்றும். 'கழுத்தளவுதான் இருக்கும்' என்று இறங்கியவர் தலை முழுகுவது இப்படித்தான். தலைகீழாகக் குதிப்பவருக்கோ எதிர் ஆபத்து. போன வெள்ளத்தில் எந்தக் கல் உருண்டு வந்து அடியில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? போன வருஷம் பத்திரமாகக் குதித்த அதே இடம் இந்த வருஷம் பத்திரம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, கஜம் என்பது ஆறு எப்போதோ செய்து முடித்து நமக்குக் கொடுத்துவிட்டுப் போன தொட்டி இல்லை. எந்தச் சுழல் கல்லைப் பிடித்துச் சுற்றிப் பள்ளம் தோண்டியதோ, அதே சுழல் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறது. அதற்குக் கல்லும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். உள்ளே அகன்று வாய் குறுகிய குழியில், விளிம்பெல்லாம் டயட்டம் பூசிய வழவழப்பு. பிடித்து ஏறக் கைக்கு ஒரு முனைகூட அகப்படாது. முனையைத்தான் அது பல்லாயிரம் வருஷமாகத் தேய்த்துத் தீர்த்துவிட்டதே! திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த வ.வே.சு. ஐயர், துப்பாக்கிக்கும் போலீசுக்கும் அஞ்சாத அந்த மனிதர், 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றக் குதித்தார். இருவரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தின் கதையைப் படிக்கிற பலருக்கு இந்த முடிவு தெரிவதில்லை.

குற்றாலத்துப் பேரருவி நேரே தரைக்கு வருவதில்லை என்பது தெரியுமா? அப்படி விழுந்தால் கீழே யாரும் நின்று குளிக்க முடியாது! உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நடுவழியில் பாறையில் உள்ள ஆழமான ஒரு பெரும்பள்ளத்தில் முதலில் இறங்குகிறது. அங்கே வேகத்தைத் தொலைத்து, பொங்கி வழிந்து, பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. பொங்குமாங்கடல் என்று அதற்குப் பேர். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நின்று குளிக்க முடிவது அந்த ஒரு குழியின் தயவில்.

இன்னொன்று கேளுங்கள். ஒரே மலைத்தொடர், ஆனால் குற்றாலத்துக்கும் கும்பக்கரைக்கும் சீசன் வேறு! செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் குற்றாலத்துக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கும்பக்கரை மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் அதற்கு உச்சம். தண்ணீர் ஏன் அப்படிச் சில்லிடுகிறது? 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது மலைக்கணக்கு. 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானல் குளிரைத் தண்ணீர் அப்படியே சுமந்துகொண்டு, வெயில் அதைச் சூடாக்குவதற்குள் கீழே வந்துவிடுகிறது. உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான், மழை நின்ற பிறகும் ஓடை ஓடுகிறது.

மேலே பிறந்து கீழே வருகிற தண்ணீர் என்பதில்தான் வம்பே. கும்பக்கரையில் சுள்ளென்று வெயில், வானத்தில் ஒரு மேகம் இருக்காது. ஆனால் கொடைக்கானலில் கொட்டித் தீர்த்திருக்கும்! அந்தத் தண்ணீர் மலையிறங்கி வரும் போது முன்னறிவிப்பெல்லாம் கொடுக்காது. தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா, சத்தம் மாறுகிறதா? துண்டைத் தேடாதீர்கள், செல்போனைத் தேடாதீர்கள், உயரத்துக்கு ஓடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்த போதே வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல தண்ணீருக்கும் கலங்கல் வெள்ளத்துக்கும் நடுவே கிடைத்த அவகாசம் எவ்வளவு கொஞ்சம் என்று.

அதனால் வனத்துறைக் காவலர் விசில் ஊதினால் 'இப்பத்தானே சார் இறங்கினோம்' என்று பேரம் பேசாதீர்கள். அவருக்கு மலைமேலிருந்து தகவல் வந்திருக்கும். 'குளிக்கத் தடை' என்று பலகை மாட்டியிருந்தால் பெரியகுளத்துக்கே திரும்பி, சீசனாக இருந்தால் மாம்பழம் வாங்கிக்கொண்டு போங்கள். அந்த ஊர் மாம்பழத்துக்குப் பேர் போனது, வந்த செலவு வீணாகாது. கிளம்பும் முன்னாலேயே கொடைக்கானலில் யாராவது தெரிந்தவருக்கு ஒரு போன் போட்டு, 'அங்கே மழையா?' என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.